மன்னார் வீதிக்கு இரண்டு பைகள்

கனடாவில் இருந்து விடுமுறைக்கு வந்த அக்காவின் மகன் தன் சைக்கிளையும் பெட்டியில் போட்டுக் கொண்டுவந்திருந்தான். மெல்லிய ரயர், பல கியர், ஒரு கையால் தூக்கிவிடக்கூடிய சட்டகம். யாழ்ப்பாணத்தில் இருந்து சங்குப்பிட்டிப் பாலம் வழியாக மன்னார் வரை ஓடிப் பார்க்க வேண்டும் என்பது அவன் ஆசை. அப்பாவின் பழைய றலிச் சைக்கிளில் நானும் வருகிறேன் என்றேன். புறப்படுவதற்கு முதல் நாள் பின்னேரம் முற்றத்தில் ஒரு பாயை விரித்து, இருவரும் அவரவர் சாமான்களைப் பரப்பினோம். என் பக்கத்தில் ஒட்டுப் போடும் சாமான்கள், சொலுசன் என்கிற ஒட்டுப் பசை, சாவிகள், ஒரு குறடு. அவன் பக்கத்தில் இரண்டு புது ரியூப், உள்ளங்கைக்குள் அடங்கும் பம், மடக்கி வைக்கும் கருவி ஒன்று.

"மாமா, வெயிலில் குந்தியிருந்து ஒட்டிக்கொண்டிருப்பதா? ரியூப்பை மாற்றிவிட்டுப் போக வேண்டியதுதானே" என்றான்.

அவனுடைய சைக்கிளுக்கு அவன் சொன்னது சரி. என்னுடையதற்கு அது பொருந்தாது. நெடுந்தூரம் போகிறவர்கள் வழியில் பழுது பார்க்க எதைக் கொண்டுபோவது என்று கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பாய்தான் நினைவுக்கு வருகிறது. எல்லோருக்கும் ஒரே பட்டியல் கிடையாது. போகிற வீதியும் ஏறியிருக்கிற சைக்கிளும் சேர்ந்துதான் பையைத் தீர்மானிக்கின்றன.

முதலில் வீதி. காங்கேசன்துறை வீதியில் கொக்குவில், கோண்டாவில், இணுவில், மருதனார்மடம், சுன்னாகம் என்று போகிறவருக்குச் சந்திக்குச் சந்தி சைக்கிள் கடை உண்டு. காற்றுப் போனால் கொஞ்சத் தூரம் உருட்டினால் போதும். அங்கே ஒரு பம்மும் கையில் கொஞ்சக் காசும் இருந்தால் பயணம் நிற்காது. கடைக்காரர் போடும் ஒட்டு, நாம் தெருவோரம் போடும் ஒட்டைவிட நன்றாகவே இருக்கும். பருத்தித்துறைக்குப் போகும் ஏறக்குறைய 35 கிலோமீற்றரும் பெரும்பாலும் இப்படித்தான். வல்லை வெளி மட்டும் விலக்கு. நிழலில்லாத அந்த வெளியில் எதிர்க்காற்றில் சைக்கிளை உருட்டிப் பார்த்தவருக்கு அதன் நீளம் தெரியும்.

தீவுப்பக்கம் வேறு கணக்கு. பண்ணைப் பாலம் தாண்டி வேலணை வரை ஆளும் கடையும் உண்டு. அதற்குப் பிறகு புங்குடுதீவுக்குக் கடலின் நடுவே போகும் பாதையில் இரு பக்கமும் தண்ணீர்தான். சோளகம் வீசும் மாதங்களில் அங்கே நின்று ரியூப்பில் சொலுசன் பூசினால் காற்றோடு மணலும் வந்து அதில் ஒட்டும். குறிகட்டுவானில் சைக்கிளைப் படகில் ஏற்றி நெடுந்தீவுக்குப் போகிறவர் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அங்கே கடைசிப் படகைத் தவறவிட்டால் அன்று திரும்ப முடியாது. தீவுக்குள் இருக்கும் பாதைகளிலோ பவளக்கல் துண்டுகள் கூராக நீட்டிக்கொண்டிருக்கின்றன.

எல்லாவற்றிலும் கடினமானது ஏ-32. நாவற்குழியில் கண்டி வீதியை விட்டுத் திரும்பி, தனங்கிளப்பு, கேரதீவு கடந்து, 2011-இல் திறக்கப்பட்ட சங்குப்பிட்டிப் பாலத்தில் ஏறி, பூநகரி, முழங்காவில், வெள்ளாங்குளம், இலுப்பைக்கடவை, விடத்தல்தீவு என்று மன்னாருக்குப் போகும் பாதை. மொத்தம் நூறு கிலோமீற்றருக்கு மேல். ஊர்களுக்கு இடையே நீண்ட வெறுமை. பஸ்ஸும் அடிக்கடி வராது. சைக்கிளைத் தன் இழுவைப் பெட்டியில் ஏற்றிச் செல்ல ஒரு லாண்ட்மாஸ்ரர் உழவு இயந்திரம் வந்தால் அன்றைய நாள் நல்ல நாள்.

நான் வைத்திருக்கும் அளவுகோல் இது: ஒரு மணித்தியாலம் உருட்டி நடந்தால் கடை வரும் என்றால் சின்னப் பை. வராது என்றால் பெரிய பை. இதில் கிழமையையும் சேர்த்துக் கணக்குப் பார்க்க வேண்டும். ஞாயிறு பின்னேரம், தைப்பொங்கல், தீபாவளி நாட்களில் பூட்டிய கடையும் இல்லாத கடையும் ஒன்றுதான்.

இனி முள். வேலி வெட்டும் காலத்தில் ஒழுங்கைகளில் கிளுவையும் முள்முருக்கும் இலந்தையும் வெட்டுத் துண்டுகளாகக் கிடக்கும். மழை முடிந்து புல் காயும்போது வீதியோர மண்ணில் நெருஞ்சி விளைந்து கிடக்கும். அதன் காயை எப்படிப் போட்டாலும் ஒரு முள் மேலே பார்த்தபடிதான் இருக்கும். மன்னார்ப் பக்கத்து உடைமுள் இவற்றை எல்லாம் மிஞ்சியது. நீளமும் உறுதியும் கொண்ட அந்த வெள்ளை முள், ரயரைத் துளைத்த பின் நுனி முறிந்து உள்ளேயே தங்கிவிடும். வெளியே தடவிப் பார்த்தால் தெரியாது. இதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். அந்த முறிந்த நுனிதான் எங்கள் பயணத்தின் பாதியைத் தின்றது.

ரியூப்பா ஒட்டா என்பதுதான் பெரிய கேள்வி. றலி போன்ற பழைய சைக்கிளிலும், இன்று ஊரில் அதிகம் ஓடும் லுமாலா போன்ற சாதாரண சைக்கிளிலும் பின்சில்லைக் கழற்றுவது சின்ன வேலை அல்ல. செயின் கவர், ஸ்ராண்ட், மட்காட் கம்பி, கரியர்க் கால் என்று பலதும் அந்த ஒரே அச்சில் மாட்டியிருக்கும். நட்டை இளக்கினால் எல்லாம் குலையும். திரும்பப் பூட்டும்போது செயின் இழுவையும் சில்லின் நேரும் சரியாக வரப் பொறுமை வேண்டும். புது ரியூப் போடச் சில்லைக் கழற்றியே ஆக வேண்டும். ஒட்டுப் போட அது தேவையில்லை. சைக்கிளைச் சாய்த்துப் படுக்க வைத்து, ரயரின் ஒரு பக்கத்தை மட்டும் நெம்பி எடுத்து, ஓட்டை இருக்கும் பகுதியை வெளியே இழுத்து ஒட்டி, திரும்பத் தள்ளிவிடலாம். கடைக்காரர்கள் செய்வதும் இதைத்தான். ஆகவே அந்தச் சைக்கிள்காரருக்கு ஒட்டுப் போடும் சாமான்கள் முதலில், ரியூப் இரண்டாவது.

மருமகனின் சைக்கிளில் அச்சில் இருக்கும் நெம்பைத் திருப்பினால் சில்லு கையோடு வந்துவிடும். ஐந்து நிமிடம் ஓட்டையைத் தேடி, ஐந்து நிமிடம் சொலுசன் காயக் காத்திருப்பதை விட அவனுக்கு ரியூப் மாற்றுவதே விரைவு. சுருட்டிய ரியூப் ஒன்று சுமார் 100 முதல் 200 கிராம்தான். அவனுக்கு இரண்டு ரியூப் தேவை என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அதை அவன் அறிந்திருக்கவில்லை. மெல்லிய நீண்ட வால்வு வைத்த ரிம்மில் துளை ஏறக்குறைய ஆறரை மில்லிமீற்றர். நம் ஊர்ச் சைக்கிள்களின் பழைய வகை வால்வான வால்கட்டைக்கும் மோட்டார் சைக்கிள் மாதிரியான வால்வுக்கும் ஏறக்குறைய எட்டரை மில்லிமீற்றர் துளை வேண்டும். முழங்காவிலில் ஒரு கடை திறந்திருந்து, கடைக்காரர் மனமுவந்து புது ரியூப் எடுத்துத் தந்தாலும் அவனுடைய ரிம்மில் அது நுழையாது. சின்னத் துளை ரிம் வைத்திருக்கிற எவரும் ஊர்க்கடையை நம்பிப் போகக் கூடாது. இரண்டு ரியூப் கட்டாயம்.

அளவையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில் பலரும் ஏமாறுகிறார்கள். ரயரின் பக்கத்தில் அச்சடித்திருக்கும் பெரிய எண்ணை நம்ப வேண்டாம். அதன் அருகே சின்னதாக இருக்கும் மூன்று இலக்கத்தைப் பாருங்கள். பழைய 28 அங்குலச் சைக்கிளில் அது 635. மெல்லிய 26-இல் 590. பருத்த மலைச் சைக்கிள் 26-இல் 559. மருமகனுடையதில் 622. அந்த எண் ரிம்மில் ரயர் உட்காரும் விட்டம், மில்லிமீற்றரில். இரண்டு ரயரிலும் 26 என்று இருந்தாலும் 590-உம் 559-உம் ஒன்றுக்கொன்று பொருந்தா. ரியூப் றப்பர் என்பதால் கொஞ்சம் இழுபடும். 635-க்கான ரியூப்பை 622-இல் அவசரத்துக்குப் போட்டு ஓடலாம். ரயரில் அந்த விட்டுக்கொடுப்பு இல்லை.

ஒட்டுக்கு ஒரு பெரிய நன்மை உண்டு: அதற்கு அளவு கிடையாது. யாருடைய ரியூப்பிலும் அது ஒட்டும். 1995 ஒக்டோபர் 30-ஆம் திகதி வலிகாமத்துச் சனம் போரால் இடம்பெயர்ந்து தென்மராட்சியை நோக்கிப் புறப்பட்டபோது பெரும்பாலான குடும்பங்களின் வாகனம் சைக்கிள்தான். அரிசியும் பாத்திரமும் வயோதிபரும் அதன் மேல்தான். நாவற்குழிப் பக்கம் நெரிசலில் எங்கள் சைக்கிளுக்கு ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் அப்பா மூன்று இடத்தில் நின்று, முன்பின் தெரியாதவர்களின் ரியூப்புக்கு ஒட்டுப் போட்டுக் கொடுத்தார். அவரிடம் இருந்தது ஒரு பழைய பால்மாப் பேணி. அதற்குள் வெட்டிய றப்பர்த் துண்டுகள், அரத்தாள், சொலுசன். கையில் ஒரு ரியூப் இருந்திருந்தால் ஒருவருக்கு உதவியிருக்கும், அதுவும் அளவு பொருந்தினால். அந்தப் பேணி இப்போதும் என் பையில் வருகிறது.

ஒட்டின் பலவீனம் சொலுசன். ஒரு தடவை திறந்த குழாய் நம் வெப்பத்தில் சில மாதங்களில் காய்ந்து கல்லாகிவிடும். வெளியே பார்த்தால் நிறைந்திருப்பது போலத் தெரியும். அமுக்கினால் ஒன்றும் வராது. ஆகவே திறக்காத சின்னக் குழாய் இரண்டு வையுங்கள், பெரியது ஒன்று வேண்டாம். சொலுசன் இல்லாமல் தாளை உரித்து ஒட்டும் வகையும் இப்போது கிடைக்கிறது. எடையும் இல்லை, காயவும் இல்லை. ஆனால் தகிக்கும் தார் வீதியில் அதன் பசை இளகி, மெல்ல மெல்லக் காற்று கசிவதைப் பார்த்திருக்கிறேன். கடை வரை போய்ச் சேர அது நல்லது. மன்னார் வரை போக அதை மட்டும் நம்ப மாட்டேன். ரியூப்புக்குள் ஊற்றும் அடைப்புத் திரவம் நெருஞ்சிக்கு நன்றாக வேலை செய்கிறது, கண்ணாடி வெட்டுக்கு உதவாது. அதுவும் வெப்பத்தில் காய்ந்துபோவதால் சில மாதங்களுக்கு ஒருமுறை புதிதாக ஊற்ற வேண்டும்.

ஒட்டும்போது அவசரப்படுவதுதான் பெரும் தவறு. ஓட்டையைச் சுற்றி அரத்தாளால் பளபளப்புப் போகும்வரை தேய்க்க வேண்டும். சொலுசனை மெல்லியதாக, ஒட்டை விடக் கொஞ்சம் அகலமாகப் பூச வேண்டும். ஈரம் மறைந்து மங்கிய பிறகுதான் ஒட்டை வைக்க வேண்டும். நம் வெயிலில் ஐந்து நிமிடத்துக்குள் அது நடக்கும். பலர் ஈரமாக இருக்கும்போதே வைத்து அமுக்கிவிட்டு, ஒட்டில் குறை சொல்கிறார்கள்.

காற்றுக்கு வருகிறேன். மருமகனின் பையில் காபனீரொட்சைட்டு நிரப்பிய சின்னக் குப்பிகள் இல்லை. விமான நிறுவனத்தின் அனுமதி இல்லாமல் அவற்றைக் கொண்டுவர முடியாது என்று விட்டுவிட்டு வந்திருந்தான். நல்லது என்றே சொன்னேன். 16 கிராம் குப்பி ஒன்று மெல்லிய ரயரைச் சில விநாடிகளில் இறுக்கிவிடும் என்பது உண்மை. பருத்த ரயருக்கு அது அரைகுறை. அந்த வாயு சாதாரணக் காற்றை விட வேகமாக றப்பரின் ஊடாகக் கசியும் என்பதால் மறுநாள் திரும்பவும் அடிக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒட்டுச் சரியாகப் பிடிக்காமல் இரண்டாவது தடவை காற்று இறங்கினால் குப்பி முடிந்திருக்கும். பம் முடிவதில்லை.

பம்மிலும் தேர்வு உண்டு. உள்ளங்கைப் பம் அழகானது. ஆனால் அவனுடைய ரயருக்குச் சதுர அங்குலத்துக்கு 80 இறாத்தல் ஏற்ற, அதில் இருநூறு தடவைக்கு மேல் அடிக்க வேண்டியிருந்தது. சட்டகத்தில் கட்டிக்கொண்டு போகும் நீண்ட பம்மில் பாதி உழைப்பு. என் தெரிவு நீண்ட பம், அதிலும் வளையும் குழாய் உள்ளது. குழாய் இல்லாத பம்மை வால்வில் நேராகச் செருகி அடித்தால், கை ஆடும்போது வால்வின் அடியில் ரியூப் கிழிந்துவிடும். பழைய சைக்கிள்காரர் வால்கட்டையில் போடும் சின்ன றப்பர்க் குழாயை மறக்க வேண்டாம். ஓட்டையே இல்லாமல் காற்று இறங்குவது பல தடவை அந்த றப்பர் உக்கியதால்தான். விரல் நீளத் துண்டு ஒன்று போதும். மெல்லிய வால்வுக்காரர் ஒரு பித்தளை மாற்றித் தலை வைத்திருந்தால் மோட்டார் சைக்கிள் பம்மிலும் கடை அமுக்கியிலும் காற்று அடித்துக்கொள்ளலாம். ஒரு பொத்தான் அளவுதான், சட்டைப்பையில் கிடக்கும்.

கருவிகளில் நான் நீட்டப் போவதில்லை. உங்கள் சைக்கிளில் இருக்கும் ஒவ்வொரு நட்டுக்கும் பூட்டுக்கும் பொருந்துவது மட்டும் வேண்டும். மடக்கும் கருவியில் இருக்கும் அறுகோணச் சாவிகள் மருமகனுக்கு எல்லாமே. என் றலியில் அவற்றுக்கு ஒரு இடமும் இல்லை. எனக்கு அச்சு நட்டுக்கு 15 மில்லிமீற்றர் சாவி, சின்ன நட்டுகளுக்கு இன்னொன்று, திருப்புளி, குறடு. இரண்டு முனையிலும் பல துளை வைத்த எலும்பு வடிவச் சாவியை ஒருபோதும் எடுக்காதீர்கள். எந்த நட்டிலும் இறுகப் பிடிக்காமல், எல்லா நட்டின் மூலையையும் மழுக்கிவிடும்.

செயின் அறுந்தால் ஒரு கியர்ச் சைக்கிளுக்குக் கிளிப் போட்ட இணைப்புத் துண்டு ஒன்று. பல கியர்ச் சைக்கிளுக்கு அதன் கியர் எண்ணிக்கைக்கு ஏற்ற இணைப்பும் செயின் ஊசி தள்ளும் கருவியும். சில்லுக் கம்பி முறிந்தால் வீதியில் புதுக்கம்பி போட முயல வேண்டாம். பெரும்பாலும் முறிவது பின்சில்லின் செயின் பக்கம், அங்கே பற்சக்கரத்தைக் கழற்றாமல் கம்பி நுழையாது. முறிந்ததைப் பக்கத்துக் கம்பியோடு கட்டி, பிறேக்கை இளக்கி, மெதுவாகப் போய்ச் சேருங்கள். ரயரின் பக்கம் வெட்டுப்பட்டு ரியூப் பிதுங்கினால் உள்ளே வைத்துத் தாங்க ஒரு துண்டு பழைய ரயர் வேண்டும். உள்ளங்கை அளவு போதும். காலியான பற்பசைக் குழாயைப் பிரித்துத் தட்டையாக்கி வைத்தாலும் அதே வேலை செய்யும்.

மறுநாள் விடியற்புறம் 4 மணிக்குப் புறப்பட்டோம். பாலத்தில் சூரியன் எழுந்தது. பூநகரி வரை ஒன்றும் இல்லை. முழங்காவில் தாண்டிக் கொஞ்சத் தூரத்தில் மருமகனின் பின்சில்லு இறங்கியது. சில்லைக் கழற்றி, ரியூப்பை மாற்றி, காற்றடித்து, பத்து நிமிடத்தில் தயார். நான் இன்னும் தண்ணீர் குடித்து முடிக்கவில்லை. அரை மணித்தியாலத்துக்குள் அதே சில்லு திரும்பவும் இறங்கியது. இரண்டாவது ரியூப்பையும் எடுத்தான். நான் தடுத்தேன்.

கழற்றிய ரியூப்பில் வால்வில் இருந்து ஓட்டை எவ்வளவு தூரம் என்று பார்த்தோம். அதே தூரத்தை ரயரில் அளந்து அந்த இடத்தைப் பிடித்தோம். விரலால் தடவினால் விரல்தான் கிழியும். பழைய பருத்தித் துணியை உள்ளே ஓட்டினேன். ஓர் இடத்தில் நூல் சிக்கியது. குறட்டால் பிடித்து இழுத்தபோது உடைமுள்ளின் முறிந்த நுனி வந்தது, அரிசி மணியில் பாதி கூட இல்லை. முதல் ரியூப்பைக் கொன்றதும் இரண்டாவதைக் கொன்றதும் அதுவேதான். அவனுடைய மடக்கும் கருவியில் இருபது வகைச் சாவி இருந்தது. அந்த நுனியைப் பிடிக்க ஒன்றும் இல்லை.

இனி அவனிடம் மிச்சம் ஒரே ஒரு ரியூப். மன்னாருக்கு இன்னும் பாதித் தூரம். அதைப் போட்டுக்கொண்டு புறப்பட முன், ஓட்டையான இரண்டையும் ஒரு வேப்பமர நிழலில் வைத்து ஒட்டிவிடுவோம் என்றேன். ஓட்டையைத் தேட வாளி வேண்டியதில்லை. காற்றடித்த ரியூப்பைக் கீழுதட்டின் அருகே மெல்ல நகர்த்தினால் ஊசி அளவுக் காற்றும் தெரியும். அரத்தாளை அவன் கையில் கொடுத்தேன். தேய்த்தான், பூசினான், காயும்வரை காத்திருந்தான். இரண்டாவது ஒட்டை அவனே தனியாகப் போட்டான்.

அன்றிரவு மன்னாரில் தங்கிய இடத்தில் பைகளைத் திரும்பப் பிரித்தோம். அவன் தன் மடக்கும் கருவியோடு என் குறட்டையும் அப்பாவின் பேணியில் இருந்து நாலு ஒட்டும் ஒரு சொலுசனும் எடுத்து வைத்துக்கொண்டான். நான் என் கரியரில் 28 அங்குல ரியூப் ஒன்றைக் கட்டினேன். வால்வின் அடியில் கிழிந்தால் எந்த ஒட்டும் பிடிக்காது. என் ரியூப்புக்கு வயது அதிகம்.